ஒரு குதிரை, மூன்று சோதனை: ஈவென்டிங் போட்டிக்கான கருவித் தேர்வு

குதிரையேற்றப் போட்டிகளில் கருவித் தேர்வு மிகச் சிக்கலாக இருப்பது ஈவென்டிங்கில்தான். ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். முதலாவது ட்ரெஸ்ஸாஜ். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குதிரையின் நடையும் ஓட்டமும் திருப்பமும் நடுவர்கள் முன்னிலையில் மதிப்பெண் பெறும். அடுத்தது கிராஸ் கன்ட்ரி. திறந்த வெளியில் அசையாத மரத்தடைகள், பள்ளங்கள், நீர்நிலைகள் ஆகியவற்றைப் பாய்ச்சலில் கடக்க வேண்டும். உச்ச மட்டப் போட்டியில் அதன் வேகம் நிமிடத்துக்கு 570 மீட்டர், மரத்தடைகள் 1.20 மீட்டர் வரை உயரம் கொண்டவை. கடைசியாக ஷோ ஜம்பிங். தட்டினால் விழும் கம்பங்களை, முந்தைய பாய்ச்சலில் களைத்த குதிரை நிதானத்தோடு தாண்ட வேண்டும். குதிரைப்படை அதிகாரிகளின் திறனைச் சோதிக்கப் பிறந்த இந்த விளையாட்டு 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இந்தியாவுக்கு இதில் பெயர் சொல்லும்படியான வரலாறு உண்டு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கமும், இந்திய அணி அணித் தங்கமும் வென்றன. அதன்பின் தனிநபர் பதக்கத்துக்கு நீண்ட இடைவெளி. 2018இல் ஜகார்த்தாவில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடத்தில் முடித்தார். அந்த மட்டத்தில் ஆடுபவருக்குச் சொந்தக் குதிரை, அதற்கென்றே செய்த சேணம், உடன் செல்லும் பராமரிப்பாளர் எல்லாம் இருக்கும். உள்நாட்டில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் நிலை வேறு. குதிரை ராணுவப் பிரிவுக்கோ காவல்துறைக்கோ ரைடிங் கிளப்புக்கோ சொந்தமானது. காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர் ஏறுவார். ஆகவே குதிரைக்கான கருவியையும் வீரருக்கான கருவியையும் இரண்டு தனிக் கணக்காகப் பார்ப்பதே நல்லது. சேணமும் கடிவாளமும் குதிரையின் உடலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. தலைக்கவசமும் மார்புக்கவசமும் வீரருடையவை. அவற்றை இரவல் வாங்குவது கூடாது.

சேணத்தில் தொடங்க வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதில் நேரும் தவறு நீடித்த கேடு செய்கிறது. சேணத்தின் உள்ளே 'ட்ரீ' எனப்படும் கூடு ஒன்று இருக்கிறது. மரத்தாலோ செயற்கை இழையாலோ ஆன அந்தக் கூட்டின் அகலமும் வளைவும்தான் சேணம் எந்த முதுகில் உட்காரும் என்பதை முடிவு செய்கின்றன. மேலே உள்ள தோலின் மென்மையோ, தையலின் அழகோ, கடைக்காரர் சொல்லும் நாட்டின் பெயரோ அதை மாற்றாது. இந்திய கிளப்புகளில் உள்ள குதிரைகளில் கணிசமானவை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் அவற்றுக்குத் தோள்முகடு உயர்ந்து, இருபுறமும் ஒடுங்கியிருக்கும். ஐரோப்பிய வார்ம்பிளட் இனங்களின் முதுகு அகன்றது. வார்ம்பிளட்டுக்கென அகலமாகச் செய்த சேணத்தை ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை மேல் போட்டால், அது முன்பக்கம் தாழ்ந்து தோள்முகட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். மறுதலையாக, ஒடுங்கிய சேணம் அகன்ற முதுகில் ஏறினால், கூட்டின் முனைகள் தோளின் இருபக்கத் தசையையும் கவ்விப் பிடிக்கும். குதிரை முன்னங்காலை நீட்டி வைக்கத் தயங்கும். அதைச் சோம்பல் என்று எண்ணிக் குதிமுள்ளால் குத்துபவர்கள் உண்டு.

பொருத்தம் பார்க்கும் முறை எளிதானது. ஆனால் அவசரப்படக் கூடாது. குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக நிற்கும்படி நிறுத்தி, அடியில் துணி எதுவும் போடாமல் சேணத்தை மட்டும் வைக்க வேண்டும். தோள்முகட்டுக்குச் சற்று முன்னே வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால் அது தன் இடத்தில் வந்து நிற்கும். சேணத்தின் கூட்டு முனை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். பின்பக்க எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்கு 18 இணை விலா எலும்புகள் உண்டு. பதினெட்டாவதைத் தாண்டினால் பாரம் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் விழும், அங்கே அதைத் தாங்க விலா இல்லை. தோள்முகட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே, வீரர் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் இடைவெளி நிற்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரை முதுகுத்தண்டின் மேல் வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு கையைச் சேணத்தின் அடிப்பக்கப் பஞ்சுமெத்தைக்கு அடியில் விட்டு மெல்ல நகர்த்தினால், ஒரே சீரான அழுத்தம் தெரிகிறதா, நடுவில் வெற்றிடம் இருக்கிறதா என்பது புலப்படும்.

கை சொல்லாததை வியர்வை சொல்லும். அரைமணி நேரம் நன்றாக வேலை வாங்கியபின் சேணத்தைக் கழற்றிப் பார்த்தால், முதுகின் இருபுறமும் ஈரம் சமமாகப் படர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு தெரிந்தால் இரண்டில் ஒன்று: அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்க்க முடியாத அளவுக்கு அழுத்துகிறது. அந்த இடத்தை விரலால் அமுக்கும்போது குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னுக்கு மடக்கினாலோ, பதில் கிடைத்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் அவ்விடத்தில் வெள்ளை முடி முளைக்கும். நிறமிழந்த அந்த முடி பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்புவதில்லை. பழைய கிளப் குதிரைகளின் முதுகைப் பார்த்தாலே அவை சுமந்த சேணங்களின் வரலாறு தெரியும்.

பொருந்தாத சேணத்துக்கு அடியில் துணிமேல் துணி அடுக்குவது பரவலான பழக்கம். இறுக்கமான செருப்புக்குள் இரண்டு காலுறை போடுவது போன்றது அது. ஏற்கெனவே ஒடுங்கியிருப்பதை இன்னும் ஒடுக்கும். அகலமான சேணத்துக்கு ஒரு தடித்த பேட் தற்காலிகமாக உதவலாம். அதுவும் சேணம் திருத்துபவர் பார்க்கும் வரைதான். கான்பூர் சேணத்தொழிலுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ராணுவத்துக்கான சேணங்கள் அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்யப்படுகின்றன. குதிரையின் முதுகு வடிவத்தை வளையும் அளவுகோலால் எடுத்துத் தாளில் வரைந்து அனுப்பி, அதற்கேற்ப சேணம் வாங்குவது, கடையில் அடுக்கியிருப்பதில் ஒன்றை எடுத்துவருவதைவிட எவ்வளவோ மேல். பயிற்சி ஏற ஏற முதுகுத் தசை மாறும் என்பதால், ஒருமுறை பொருந்தியதே என்று வருடக்கணக்கில் விட்டுவிடவும் முடியாது.

மூன்று சோதனைக்கும் ஒரே சேணம் போதுமா? தொடக்க நிலையில் போதும். 'ஜெனரல் பர்ப்பஸ்' எனப்படும் பொதுச் சேணம் ஒன்றே மூன்று கட்டங்களையும் கடந்துவிடும். மட்டம் உயரும்போது தேவைகள் பிரிகின்றன. ட்ரெஸ்ஸாஜ் சேணத்தின் இருக்கை ஆழமானது, பக்கமடல் நீண்டு நேராகத் தொங்கும். வீரரின் கால் நீட்டி இறங்குவதற்காக அந்த அமைப்பு. தாண்டும் சேணத்தின் மடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், இருக்கை ஆழம் குறைவு. அங்கவடியைச் சுருக்கிப் பிடித்து முழங்காலை மடக்கி, இருக்கையிலிருந்து எழுந்து முன்சாய வேண்டியிருப்பதால். கிராஸ் கன்ட்ரியில் மேடு ஏறும்போது சேணம் பின்னுக்கு நழுவாமல் இருக்க மார்புவார் ஒன்றும், சேணத்தின் மேலேயே சுற்றிக் கட்டும் கூடுதல் வயிற்றுவார் ஒன்றும் சேர்ப்பது வழக்கம். ஒரு வார் அறுந்தாலும் மற்றொன்று தாங்கும் என்ற எண்ணம்.

கடிவாளத்தில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளாவது வாயில் போடும் பிட். குதிரையின் வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறு இருக்கிறது. பிட் உட்காருவது அங்கே, நாக்கின் மேல். அகலத்தை அளக்க ஒரு மெல்லிய கயிறோ வழவழப்பான குச்சியோ போதும். வாயின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை குறித்துக்கொண்டு, இருபக்கமும் அரை சென்டிமீட்டர் அளவு கூட்டினால் வேண்டிய நீளம் வரும். குறைந்தால் உதட்டைக் கிள்ளும். மிகுந்தால் வாயில் அங்குமிங்கும் இழுபடும், நடுவில் மூட்டு உள்ள பிட்டானால் மேலண்ணத்தைக் குத்தும். தடிமனான பிட் எப்போதும் மென்மையானது என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. வாய் சிறிதும் நாக்கு பெரிதுமான குதிரைக்குத் தடித்த பிட் போட்டால் அது வாயை மூடவே சிரமப்படும்.

கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதிய குதிரையேற்ற நூலில், ஒருவரிடம் குறைந்தது இரண்டு பிட்கள் இருக்க வேண்டும், ஒன்று வழவழப்பானது, மற்றொன்று சொரசொரப்பானது என்று எழுதியிருக்கிறார். இரண்டு வேண்டும் என்ற எண்ணிக்கை இன்றும் பொருந்தும், சொரசொரப்பு பொருந்தாது. ட்ரெஸ்ஸாஜில் எளிய ஸ்நாஃபிள் பிட், உயர்மட்டங்களில் விரும்பினால் இரட்டைக் கடிவாளம். கிராஸ் கன்ட்ரியில் வேகத்தில் அடக்க வேண்டிய குதிரைக்குச் சற்று வலுவான பிட். இவ்வளவுதான் வழக்கமான ஏற்பாடு. திறந்த வெளியில் குதிரை இழுக்கிறது என்றவுடன் வலுவான பிட்டைத் தேடுவது முதல் தீர்வாக இருக்கக் கூடாது. பல் கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறதா, சேணம் அழுத்துகிறதா, வீரர் லகானைப் பிடித்துச் சமநிலை தேடுகிறாரா என்ற மூன்றையும் பார்த்தபின்தான் பிட்டுக்கு வர வேண்டும். வலியிலிருந்து ஓடும் குதிரைக்குக் கூடுதல் வலி கொடுத்தால் அது இன்னும் வேகமாக ஓடும். வாயில் இரத்தம் தெரிந்தால் ட்ரெஸ்ஸாஜ் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

மூக்குவாரைப் பற்றி அண்மைக்காலத்தில் கண்டிப்பு கூடியிருக்கிறது. வாயைத் திறக்க விடாமல் மூக்குவாரை இறுக்கிக் கட்டினால் குதிரை அடக்கமாகத் தெரியும் என்பதால் பலர் அப்படிச் செய்துவந்தார்கள். மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல் என்ற தகராறும் அத்தோடு வந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ 2025இல் ஒரே அளவிலான அளவுக்கருவியை அறிமுகப்படுத்தியபின் அந்தத் தகராறுக்கு இடமில்லை. வீட்டுப் பயிற்சியிலேயே அந்தத் தளர்வுக்குப் பழகாத குதிரை போட்டிக்களத்தில் திணறும்.

தலையை உயர்த்தும் குதிரைக்குப் போடும் மார்டிங்கேல் வார், தாண்டும் கட்டங்களில் மட்டுமே செல்லும். அதுவும் லகானில் வளையமாக ஓடும் வகைதான். ட்ரெஸ்ஸாஜில் அதற்கு இடமில்லை. லகானிலும் வேறுபாடு உண்டு: ட்ரெஸ்ஸாஜுக்கு மெல்லிய தோல், கிராஸ் கன்ட்ரிக்கு ரப்பர் சுற்றியது. மழையிலும் நுரைத்த வியர்வையிலும் வெறும் தோல் கையில் நிற்காது.

கால்களுக்கான பாதுகாப்பிலும் அதே மாதிரி கட்டத்துக்குக் கட்டம் மாற்றம். ட்ரெஸ்ஸாஜ் களத்துக்குள் காலுறையோ கட்டுத்துணியோ எதுவும் கூடாது. பயிற்சி முடித்து உள்ளே நுழையும் அவசரத்தில் கழற்ற மறந்து மதிப்பெண் இழந்தவர்கள் எல்லா மட்டத்திலும் உண்டு. கிராஸ் கன்ட்ரியில் மரத்தடையில் மோதும் அடியும், பின்குளம்பு முன்காலின் தசைநாணில் இடிக்கும் அடியும் முக்கிய ஆபத்துகள். அதற்காகக் கெட்டியான, தண்ணீரை உறிஞ்சாத காலுறை வேண்டும். வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாய்ச்சலில் முன்காலின் தசைநாண் உட்பகுதி ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அந்தச் சூட்டைத் தடித்த நியோப்ரீனால் மூடிவைப்பது, அதுவும் இந்திய வெயிலில், நல்லதல்ல. காற்றோட்டத் துளையுள்ள வகையைத் தேர்ந்து, ஓட்டம் முடிந்ததும் உடனே கழற்றிக் காலைக் குளிர்விக்க வேண்டும். ஷோ ஜம்பிங்கில் முன்பக்கம் திறந்த காலுறை அணிவிப்பது, கம்பம் பட்டால் குதிரைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இதைச் சிலர் மிகையாக்கி, பின்காலில் இறுக்கியும் எடையேற்றியும் குதிரையைச் செயற்கையாக உயரத் தூக்கவைத்தார்கள். எஃப்இஐ ஷோ ஜம்பிங் போட்டிகளில் பின்கால் காலுறைகள் மீதான கட்டுப்பாடு படிப்படியாக விரிந்து, 2021இல் எல்லா மட்டங்களுக்கும் வந்தது. ஒரு காலில் உள்ள கருவிகளின் எடை, லாடம் நீங்கலாக, 500 கிராமைத் தாண்டக்கூடாது.

லாடம் கருவிப் பட்டியலில் கடைசியாக எழுதப்படுவது. நியாயமாக முதலில் வர வேண்டியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வந்திறங்கும் குதிரைகள் அங்கே நிலைப்பதில்லை என்கிறார். லாடம் அடிப்பவர்களை வணிகர்கள் அழைத்துவருவதில்லை, வரவும் விடுவதில்லை. குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டு வியாபாரம் நடக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். நல்ல குதிரை இருந்து நல்ல லாடக்காரர் இல்லாத நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றுவது வழக்கம். போட்டிக்கு முந்தைய நாள் மாற்றினால், ஆணி சற்றே தவறியிருந்தாலும் நொண்டல் களத்தில்தான் தெரியவரும். ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். புல்தரையில் வழுக்காமல் இருக்க லாடத்தில் திருகும் ஸ்டட்களில், கடினத் தரைக்குச் சிறியதும் கூரானதும், சேற்றுக்குப் பெரியதும் மழுங்கியதும் ஏற்றவை. வண்டியில் ஏற்றுமுன் அவற்றைக் கழற்ற வேண்டும்.

வீரருக்கான கருவியில் தலைக்கவசத்துக்கு மட்டும் சமரசம் இல்லை. ட்ரெஸ்ஸாஜில் உயரமான கருந்தொப்பி அணிவது நீண்டகால வழக்கமாக இருந்தது; தரையிலேயே நிகழும் சோதனை, இதில் என்ன ஆபத்து என்ற எண்ணம். 2008 ஒலிம்பிக்கில் ட்ரெஸ்ஸாஜில் ஆடிய அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங் டை, 2010 மார்ச்சில் ஒரு சாதாரணப் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் மண்டையில் அடிபட்டு வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அதன்பின் எழுந்த விழிப்புணர்வு இயக்கம் வலுத்து, 2021 முதல் எஃப்இஐ போட்டிகளில் எல்லாக் கட்டங்களிலும் பாதுகாப்புக் கவசம் கட்டாயமானது.

வாங்கும்போது உள்ளே ஒட்டியுள்ள தர முத்திரையைப் பார்க்க வேண்டும்: ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015, ஸ்நெல் போன்றவை ஏற்கப்படுபவை. மோட்டார் சைக்கிள் கவசமும் மிதிவண்டிக் கவசமும் இதற்கு மாற்றாகா. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, தலையில் நேர்மட்டமாக உட்கார வேண்டும். தாடைவாரை மாட்டுமுன் கவசத்தைக் கையால் மெல்ல அசைத்தால் நெற்றித்தோலும் கூடவே நகர வேண்டும். கவசம் மட்டும் நகர்ந்தால் அளவு பெரிது. நீண்ட முடி உள்ளவர்கள் போட்டியன்று முடியை எப்படிக் கட்டப்போகிறார்களோ அப்படிக் கட்டிக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். பின்னலுக்குப் பார்த்த அளவு கொண்டைக்குப் பொருந்தாது. ஒருமுறை தரையில் மோதிய கவசம் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் கழித்துவிட வேண்டியது, ஏனெனில் அடியை வாங்கும் உள்நுரை ஒரே தடவை நசுங்கும் வகையானது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கவசத்தை விட்டுவைப்பதும் அந்த நுரையைப் பாழாக்கும்.

கிராஸ் கன்ட்ரிக்கு மார்புக்கவசம் கட்டாயம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13158இல் மூன்று நிலைகள் உள்ளன. மூன்றாம் நிலையே தாண்டுதலுக்கு ஏற்றது. நின்றபடி மட்டும் அணிந்து பார்த்து வாங்கினால் போதாது. சேணத்தில் உட்கார்ந்து முன்சாயும்போது பின்விளிம்பு சேணத்தில் இடித்து மேலே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளினால் கழுத்துப்பட்டை தலைக்கவசத்தை முட்டும், பார்வை குறையும். வீரர் சேணத்திலிருந்து பிரிந்ததும் வாயுக்குப்பியால் உப்பும் காற்று அங்கி இப்போது பரவலாகிவிட்டது. அதை மார்புக்கவசத்தின் மேல்தான் அணிய வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. சேணத்தோடு இணைக்கும் கயிற்றை, இறங்கும்போது கழற்ற மறந்தால் அங்கி வெடிச்சத்தத்தோடு உப்பும். முதல்முறை கேட்கும் குதிரை மிரளும் என்பதால் அதையும் வீட்டிலேயே பழக்குபவர்கள் உண்டு.

அங்கவடி, பூட்ஸ் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பூட்ஸின் அகலமான பகுதியைவிட அங்கவடி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். குறுகலானால் கால் சிக்கும். மிக அகலமானால் பாதம் முழுதும் உள்ளே நழுவும். விழுந்தவர் அங்கவடியில் சிக்கி இழுபடுவதே குதிரையேற்றத்தின் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று. பக்கம் திறந்துகொள்ளும் பாதுகாப்பு அங்கவடிகள் அதற்காகவே. பூட்ஸுக்குக் குதிகால் தெளிவாக இருக்க வேண்டும். சவுக்கு தாண்டும் கட்டங்களில் 75 சென்டிமீட்டர் வரைதான். ட்ரெஸ்ஸாஜ் சோதனையில் அது கையில் இருக்கவே கூடாது. கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கையுறை ஆகியவை விதிப்படி சுத்தமாக இருந்தால் போதும். அவற்றில் செலவழிக்கும் பணத்தைச் சேணம் திருத்துவதில் செலவழித்தால் மதிப்பெண் கூடும்.

தேர்ந்தெடுத்த கருவி போட்டிக்கு முன் பழக வேண்டும். புதுத்தோல் நீளும், எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுவதால் இடது அங்கவடி வார் வலதைவிட நீண்டுவிடும், ஆகவே இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது நல்ல பழக்கம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, கோட்டு முதல் காலுறை வரை முழு உடையில், முழுக் கருவிகளோடு ஒரு பயிற்சி தேவை. அன்று இரவு எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பி, வார்களை மடக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வயிற்றுவார் மாட்டும் பட்டைகளில் துளைகள் நீண்டு விரிசல் ஓடியிருக்கிறதா, கொக்கியின் அடியில் மடிந்த இடத்தில் தையல் இற்றிருக்கிறதா, அங்கவடி வாரின் தையலை நகத்தால் நெருடினால் நூல் எழுகிறதா என்பவை முக்கியம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். உப்பு வியர்வை உள்ளிருந்து அரிக்கும். மேலே எண்ணெய் பூசிப் பளபளக்கும் வாரின் உட்பக்கம் பொடிந்திருப்பது அரிதல்ல. மாற்று லகான், மாற்று அங்கவடி வார், ஒரு வயிற்றுவார், அந்தக் குதிரையின் அளவுக்கு வளைத்த லாடம் ஒரு தொகுதி ஆகியவை பெட்டியில் இருந்தால் போதும்.

பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால் முன்னுரிமை இதுதான்: முதலில் தரச்சான்றுள்ள தலைக்கவசமும் மார்புக்கவசமும், அடுத்து குதிரைக்குப் பொருந்தும் ஒரே ஒரு சேணம், பிறகு சரியான அளவில் பிட். இரண்டாவது சேணமும் அழகான கோட்டும் பல ஆண்டு காத்திருக்கலாம். இங்கே சொன்ன அளவுகளும் தடைகளும் நிலையானவை அல்ல. எஃப்இஐ விதிகளில் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. உள்நாட்டுப் போட்டிகளுக்கு இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளும் உண்டு. கடைக்குப் போகுமுன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை எடுத்து, தான் ஆடப்போகும் மட்டத்தில் எந்த பிட், எந்த மூக்குவார், எந்தக் காலுறை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வீரரும் தாமே படித்துப் பார்க்க வேண்டும்.